உன் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த பச்சைச் சைக்கிள்

என் அன்பு மகனே,

இங்கே நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம், கூடத்தில் நிற்கும் ஆறு சைக்கிள்களும் சௌக்கியம். ஆறு என்றுதான் எழுதியிருக்கிறேன், கை தவறி எழுதவில்லை. ஏழாவது எங்கே என்று நீ கேட்பாய் என்பதால்தான் இந்தக் கடிதமே. இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். நெய்வேலியில் லீவு சொல்லிவிட்டு முந்தின நாள்தான் வந்து இறங்குவாய். அப்புறம் பந்தலும் மேளமும் சொந்தக்காரர்களுமாக, நாம் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேச இடமே இருக்காது. இடம் இருந்தாலும் பேசமாட்டோம் என்பது வேறு விஷயம். நீ "சாப்டியாப்பா" என்பாய், நான் "ஆச்சு, நீ?" என்பேன், அதோடு தீர்ந்தது. எழுத்தில் என்றால் நீ நடுவில் எழுந்து போனாலும் கடிதம் அங்கேயே கிடக்கும். திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

சம்பந்தம் பேசி முடித்த பிறகு நடுவில் பதினைந்து நாள் விழுப்புரத்திலிருந்து ஒரு தகவலும் இல்லையே, ஏன் என்று நீ கேட்டு எழுதினாய். "பொண்ணு வூட்டாருக்குக் கொஞ்சம் ஜோலி" என்று அனந்தபுரத்து மாமன் உனக்குப் பதில் போட்டார். அது பொய். அந்தப் பதினைந்து நாளும் உன் கல்யாணம் நின்று போயிருந்தது. நிறுத்தியது யார் என்றால், நான். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று நீ அம்மாவிடம் "எனக்குப் புடிச்சிருக்கும்மா" என்று நீயாகவே சொன்னாய். சட்டைத் துணி எடுக்கக் கூட்டிப் போனால் "எதுவானாலும் சரி" என்று சொல்கிற பிள்ளை நீ. இருபத்துமூன்று வருஷத்தில் இது வேண்டும் என்று நீ வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அதைத்தான் நான் கெடுக்கப் பார்த்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்துக் குற்றங்களோடு நீ கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். மல்லாட்டை மண்டி வேலையாக, கடலை மூட்டைக்கு விலை பேச நான் அங்கே போயிருந்தேன். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் கட்டில், கண்ணாடி, பீங்கான் என்று எல்லாவற்றையும் இறக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் அது நின்றது. ஐந்தாறு வயதுக் குழந்தை ஓட்டுகிற சைக்கிள். கரும்பச்சை. மட்கார்டின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு கோடு. பெடலில் மரக்கட்டை, தோல் சீட்டு, கெட்டி ரப்பர் டயர், ஹாண்டில் பாரில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மணி. யுத்தத்துக்கு முந்தைய சரக்கு, ஒரு திருகாணி கூட மாற்றவில்லை, ஒரு இடத்தில் கூட மறு பெயிண்டு இல்லை. அதுவரை எனக்குச் சைக்கிள் என்றால் மண்டிக்குப் போகிற வாகனம். அன்றைக்கு என்னமோ ஆகிவிட்டது. உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது கூட நான் அப்படி நிற்கவில்லை என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் மறுத்ததும் இல்லை.

திரும்பி வரும்போது கிளியனூரில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் மேல் சைக்கிள் நனைகிறது என்று இறங்கி, அதை இறக்கச் சொல்லி, என் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தி, ஒரு புளியமரத்தடியில் நான் வெற்றுடம்போடு நின்றேன். மூன்று நாள் காய்ச்சல். "யாருக்கு வாங்கனீங்க?" என்று உன் அம்மா கேட்டபோது "புள்ளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒன்பது வயது. காலை மடக்கிக்கொண்டால் ஓட்டியிருக்கலாம். நீயும் சந்தோஷமாக ஓடி வந்து ஹாண்டில் பாரைப் பிடித்தாய். "இருப்பா, டயரு பழசு. கொஞ்ச நாளு போவட்டும்" என்றேன். மறுநாளும் கேட்டாய். "வெயிலு எறங்கட்டும்" என்றேன். அதற்கு அடுத்த வாரம் "மழை நிக்கட்டும்." பத்துப் பதினைந்து நாள் கேட்டுவிட்டு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். என்ன தங்கமான பிள்ளை, பொறுமையைப் பார் என்று மண்டியில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒரு வருஷம் போனதும், அதில் உட்கார்ந்தால் உன் முழங்கால் மோவாயைத் தொடுகிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெற்ற பிள்ளை வளர்ந்ததற்கு அந்தக் காரணத்துக்காக நிம்மதிப்பட்ட தகப்பன் இந்தத் திண்டிவனத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்புறம் ஒன்று இரண்டாகி, இரண்டு ஏழானது. விழுப்புரத்து டாக்டர் வீட்டுச் சிவப்பு, செஞ்சிப் பக்கத்துப் பழைய பங்களாவிலிருந்து வந்த நீலம், இப்படி ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று உனக்கு மனப்பாடம். என் சட்டமும் உனக்கு மனப்பாடம்: புதிதாக ஒரு நட்டு போடக்கூடாது, பெயிண்டு தொடவே கூடாது, பழைய வேட்டித் துணியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கவேண்டும். உன் மாமன் ஒரு பொங்கலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்த வண்டியை நினைவிருக்கிறதா? ஊரில் யார் வீட்டுப் பரணிலோ கிடந்ததாம். மச்சானுக்குச் சும்மா கொடுக்கக்கூடாது என்று, மாட்டுக் கொம்புக்கு அடித்து மீந்த பெயிண்டை எடுத்து, ஹாண்டில் பாரின் இரண்டு பக்கமும் சிவப்பு, நீலம் என்று அடித்து, நுனியில் குஞ்சம் வேறு கட்டிக் கொண்டுவந்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "மச்சானுக்குச் சந்தோசம் தாங்கல போலகீது, அயுவுறாரு" என்று அவர் வெளியில் சொன்னது கேட்டது. அந்த வண்டியையும் நான் வைத்துக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது உன் மாமனார் வந்த நாளுக்கு வருகிறேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவது நம் பக்கத்து வழக்கம். பானையில் அரிசி இருக்கிறதா என்பதிலிருந்து பரணில் ஒட்டடை இருக்கிறதா என்பது வரை பார்ப்பார்கள். உன் மாமனாரோ ரயில்வேயில் கார்டு. வண்டி கிளம்பும் முன் கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து பார்க்கிற மனுஷன். "இந்தப் பேஜாரை எல்லாம் ரெண்டு நாளைக்குப் பக்கத்து வூட்ல வைய்யுங்க" என்று உன் அம்மா ஒரு வாரமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், அவ்வளவு ஆபத்தான இடத்தில் நான் எப்படி வைப்பேன்? வந்தவர்கள் பார்த்தால் மெச்சத்தானே போகிறார்கள் என்றும் ஒரு நினைப்பு. ஏழையும் நன்றாகத் துடைத்துக் கூடத்தில் வரிசையாக நிறுத்தினேன்.

வந்தது மூன்று பேர். உன் மாமனார், அவருடைய அக்கா, அப்புறம் அவருடைய பெரிய பெண்ணின் குழந்தை செல்வி, ஐந்து வயது. உள்ளே நுழைந்ததும் அந்த அக்கா கூடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கூடத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பசங்க எத்தினி பேருங்க?"

"ஒரே புள்ளதாங்க. நீங்கதான் பாத்தீங்களே," என்றாள் உன் அம்மா.

"அப்ப இதெல்லாம் யாரு வூட்டுக் கொழந்தைங்களுதுங்க?"

"கொழந்தைங்க யாரும் இல்லீங்க. சும்மா சைக்கிளுதான்."

அந்த அம்மாள் உன் மாமனாரைப் பார்த்த பார்வையில், உனக்கு நெய்வேலியில் ஏற்கெனவே ஒரு குடும்பமும் ஏழு பிள்ளைகளும் தயாராகிவிட்டார்கள். உன் மாமனார் கொஞ்சம் நிதானமானவர். "வாடகைக்கு வுடறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். வாடகைக்கா! எனக்குச் சுருக்கென்றது. உடனே ஆரம்பித்துவிட்டேன். அடுப்பில் வைத்துச் சுட்ட பெயிண்டு எது, கையால் பூசியது எது, அந்தத் தங்கக் கோட்டை ஒரே மூச்சில் எப்படி இழுத்திருப்பான், இந்தத் திருகாணி ஏன் இந்தப் பக்கம் திரும்பாது, எல்லாம். உன் அம்மா பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறாள், இருமுகிறாள், கடைசியில் ஒரு சொம்பையே கீழே போட்டாள். நான் நிறுத்தவில்லை. உன்னைப் பற்றி, உன் சம்பளம், உன் குணம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சிவப்பு வண்டியின் சீட்டுத் தோலுக்கு வந்திருந்தபோதுதான் பின்னால் ஒரு சத்தம். செல்வி பச்சைச் சைக்கிள் மேல் ஏறி, அதோடு சாய்ந்து, சுவரில் மோதி விழுந்திருந்தாள்.

இந்த இடத்தை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "ஏய்! எறங்கு! பெயிண்டு! பெயிண்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். குழந்தையைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்தேன். வைத்தேன் என்றால், மூட்டையை வைப்பது போல. மண்டிக் கை அல்லவா. அப்புறம் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து, சைக்கிளின் பெடலைத் துடைத்தேன். மட்கார்டைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் "நல்ல வேளை" என்று வாய்விட்டே சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால், குழந்தையின் முழங்காலில் ரத்தம் வழிகிறது. உன் அம்மா முந்தானையால் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். குழந்தை அழக்கூட மறந்து என்னையே பார்க்கிறது. தாம்பாளத்தில் வைத்த வெற்றிலையைத் தொடாமல் மூன்று பேரும் எழுந்தார்கள். "வர்றோங்க" என்றார் உன் மாமனார். ஆனால் வரமாட்டார்கள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நாலாம் நாள் மாமன் அனந்தபுரத்திலிருந்து வந்து உன் மாமனார் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தார். "மனுசன் நல்லவராத்தான் கீறாரு. ஆனா கொழந்த கால்ல ரத்தம், அவரு பெடலத் தொடைச்சிக்கினு கீறாரு. நாளைக்கு எங்க பொண்ணு அந்த வூட்ல ஒரு பீங்கான ஒடச்சா இன்னா ஆவும்? வேணாங்க, இத்தோட வுட்டுடுங்க." உன் அம்மா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. கேப்பைக் களியை உருட்டி என் தட்டில் வைத்து, "புள்ளைக்கு நீங்களே எய்துங்க. உங்க சைக்கிளாலதான்னு எய்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த நாளே உன் தபால் கார்டு வந்தது. 'அவங்க வீட்ல என்ன சொன்னாங்க?' என்று ஒரே வரி. வழக்கமாக உன் கார்டில் சௌக்கியம் விசாரித்து ஆறு வரி இருக்கும். அந்த ஒரே வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் திரிந்தேன். பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். பதினோராம் நாள் காலையில் பச்சைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் "மேல போடுங்க பெரியவரே" என்றான்.

"மேல போட்டா கயிறு ஒரசும்பா. மடியில வச்சிக்கிறேன்."

"ஒரசுனா இன்னாங்க? சைக்கிளுதான, மாப்புள்ளையா?"

"மாப்புள்ளைக்காவத்தான்பா போறேன்."

"மடியில வச்சா அதுக்கும் டிக்கெட்டு."

"கொழந்த சைக்கிளுப்பா."

"அப்ப அரை டிக்கெட்டு," என்று நிஜமாகவே கிழித்துக் கொடுத்தான். பஸ் முழுக்கச் சிரித்தது. குழந்தை ஏறி உருட்டட்டும் என்றுதானே கொண்டுபோகிறாய், கயிறு உரசினால் என்ன என்று நீ கேட்கலாம். பதினைந்து வருஷப் பழக்கம் ஒரு பஸ்ஸில் போகுமா?

கூட்டேரிப்பட்டில் இஞ்சின் சூடேறி வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். நான் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன், தார்ச் சாலைச் சூடு டயருக்கு ஆகாது. பக்கத்தில் பங்க்சர் ஒட்டுகிற ஒருவன் எழுந்து வந்து என் வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"பெயிண்டு மங்கிப் பூட்ச்சிங்களே. குடுங்க, பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள ஜல்தியா அடிச்சித் தர்றேன்."

"இது ஒரிஜினல் பெயிண்டுப்பா."

"ஒரிஜினல்னா?"

"மொத மொதல்ல அடிச்சது."

"மொதல்ல அடிச்சது போனாத்தானங்க ரெண்டாவது அடிக்க முடியும்?" என்று யோசனையோடு கேட்டான். அப்புறம், "அது கெடக்கட்டும். கொழந்த எங்கங்க?" என்றான்.

மகனே, அந்தக் கேள்வி புதிதல்ல. இத்தனை வருஷத்தில் என் சைக்கிள்களைப் பார்த்த ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் பெயிண்டைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன். கூட்டேரிப்பட்டு வெயிலில், தோளில் ஒரு குட்டிச் சைக்கிளோடு, எனக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது. "விழுப்புரத்துல கீது" என்றேன்.

ஸ்டாண்டிலிருந்து ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை தோளிலேயே தூக்கிப் போனேன். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் பங்க்சர் என்று சொல்லிவிட்டேன். கெட்டி ரப்பரில் பங்க்சர் ஏது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. உன் மாமனார் வாசலிலேயே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு முழுவதும் மறந்துபோய், "பாப்பாவக் கூப்புடுங்க" என்று மட்டும் சொன்னேன். உள்ளேயிருந்து அவருடைய அக்காவின் முதுகுக்குப் பின்னால் செல்வியின் பாதி முகம் தெரிந்தது.

"வரமாட்டேன். அந்தத் தாத்தா கத்தும்."

"கத்த மாட்டேம்மா. ஓட்டுவியான்னு கேக்க வந்தேன்."

"தொடைப்பியா?"

"தொடைக்க மாட்டேன்."

"அப்ப துண்ட குடு."

கொடுத்தேன். அதை வாங்கி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, அவளுக்கு ஓட்டவே தெரியாது. "புடிச்சிக்கினே வா. வுட்ட, அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று உத்தரவு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டைப் பின்னாலிருந்து பிடித்து, குனிந்தபடியே ஓடினேன். அந்தச் சைக்கிளின் உயரம் உனக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் தவளை போலத்தான் ஓடவேண்டும். முதல் சுற்றிலேயே வேப்பமரத்தில் உரசியது. யுத்தத்தைத் தாண்டி, கடலைத் தாண்டி வந்த தங்கக் கோடு, ஒரு சாண் நீளத்துக்கு, கண் எதிரே உதிர்ந்தது. "ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

அவள் பிரேக் போட்டதைப் போலத் திரும்பினாள். "யாருக்கு ஐயோ?"

"உனக்குத்தாம்மா."

பொய். அப்பட்டமான பொய். ஆனால் நான்காவது சுற்றோ ஐந்தாவதோ, சாக்கடைப் பக்கம் அவள் சாய்ந்தபோது மறுபடி ஒரு ஐயோ வந்தது பார், அதில் சைக்கிளே இல்லை. முழுக்க முழுக்கக் குழந்தைதான் இருந்தது. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் குவார்ட்டர்ஸே வாசலுக்கு வந்துவிட்டது. "கார்டு வூட்டுக்கு யாரோ பெரியவரு சைக்கிள் பழக வந்துகீறாராம்" என்று ஒரு அம்மாள் எதிர்வீட்டுக்குச் செய்தி சொன்னாள். என் மூச்சு நின்றுவிடும் என்று தோன்றிய நேரத்தில் செல்வி தானாக இறங்கி, "போதும், நீ குந்து" என்று என்னை உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? தனலட்சுமி. நீ பிடித்திருக்கிறது என்று சொன்ன பெண்.

ஒரு கையில் சொம்பு. இன்னொரு கையில் மடித்த காகிதம். "மாமா, இது மரத்தாண்ட உதுந்து கெடந்துச்சுங்க. பொறுக்கி வச்சேன். வேணுங்களா?" என்றாள். பிரித்துப் பார்த்தேன். பச்சைப் பெயிண்டுச் செதில்கள், அதில் இரண்டு மூன்றில் தங்கம். கேலியாகத்தான் கொடுக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் சிரிக்கவே இல்லை. இந்த மனுஷனுக்கு இது முக்கியம் போலிருக்கிறது, நமக்குப் புரியாவிட்டால் என்ன, பொறுக்கி வைப்போம் என்று நினைத்திருக்கிறாள். காகிதத்தை மறுபடி மடித்து, "வேணாம்மா" என்று அவள் கையிலேயே கொடுத்தேன்.

"எனக்கும் ஓட்டத் தெரியாதுங்க," என்றாள். அப்புறம் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "அவங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள். அவங்க என்றால் நீ.

"ஓ, நல்லா ஓட்டுவான்."

"யாரு கத்துக் குடுத்தாங்க? நீங்களா?"

உனக்கு யார் சைக்கிள் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை, மகனே. ஒரு நாள் நீ மண்டிக்கு என் பெரிய சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தாய். அதற்கு முன்னால் யாராவது உன் பின்னால் ஓடியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "நான் இல்லம்மா" என்றேன். பொய் சொல்லாமல் பதில் சொன்னது அன்றைக்கு அது ஒன்றுதான்.

"எனக்கு அவங்க கத்துக் குடுப்பாங்களா? இப்ப நீங்க வந்தா மாதிரி பின்னாலயே ஓடி வருவாங்களா?"

"வருவான்" என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் மாமனார் பாலீஷ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த ஒரு பெருமூச்சை விட்டார். "இன்னாத்துக்கு வெயில்ல குந்திக்கினு? உள்ள வாங்க, சம்பந்தி" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். துடைக்கத் துண்டும் இல்லை. அது செல்வியின் இடுப்பில் இருந்தது, இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, சைக்கிளோடு.

வீடு திரும்பியதும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், புள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிராமல் சிரித்தாள். "ஏன், நான்தான். நீங்க மண்டிக்குப் போனப்புறம் பின்னாடி சந்துல. ஒரு கோடை முச்சூடும்."

"எந்த வண்டியில?"

"இதென்ன கேள்வி? பச்சையிலதான். வெள்ளிக்கெயம நீங்க தொடைக்கறதுக்கு முன்னாடி வியாயக்கெயமயே நாங்க ரெண்டு பேரும் தொடைச்சி வச்சிடுவோம்."

ஆக, பதினைந்து நாள் கேட்டுவிட்டு நீ நிறுத்தியது பொறுமையால் அல்ல. யுத்தத்துக்கு முன்னால் பிரெஞ்சுக் குழந்தை ஓட்டியதோடு சரி, அப்புறம் யாரும் தொடாத வண்டி என்று ஊர் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ தூணில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாயே, கல்லுளிமங்கா! ஒரு ராத்திரி முழுக்க எனக்குக் கோபம். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அந்தச் சைக்கிள் அதன் காரியத்தைச் செய்துவிட்டுத்தான் இருந்திருக்கிறது. நான்தான் என் காரியத்தைச் செய்யவில்லை. உன் பின்னால் ஓடியிருக்கவேண்டியவன் நான். அந்தக் கோடை எனக்குத் திரும்ப வராது. அது எனக்கு வருத்தம்தான், அதை வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். குடும்பம் நடத்துவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும், உன் அம்மாவைக் கேள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள், மடித்துக் கட்டினால் அவிழ்கிறது. சீட்டுக்கு அடியில் பிடி, ஹாண்டில் பாரைப் பிடிக்காதே, அது அவளுடையது. "முன்னால பாரு, முன்னால பாரு" என்று கத்தாதே, அவள் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். மரத்தில் மோதினால் முதலில் அவளைப் பார். அப்புறமும் அவளைப் பார். போன வருஷம் நீ நெய்வேலியில் வாங்கினாயே பெரிய சைக்கிள், பெயிண்டு உரசாமல் பளபளவென்று வைத்திருப்பதாக உன் சிநேகிதன் சொன்னான். என் பிள்ளை அல்லவா. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு ஸ்பானர் எடுத்து, அதன் சீட்டை இரண்டு அங்குலம் இறக்கி வை. தனலட்சுமி உன்னைவிடக் குள்ளம்.

இப்படிக்கு,
உன் அப்பா